ஐப்பசியில் பேசலாம்

1965 நவம்பர் 29, திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர்தான் கிடைத்தது. இரவு பெய்த மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டதால் நெசவாளர் வாளியால் மொண்டு தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தார். எட்டரைக்கு நூல் டிப்போவுக்குப் புறப்பட்டேன். மழைக்காலத்தில் அங்கே எனக்கு முதல் வேலை, பட்டு நூல் சிப்பங்களைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது. பட்டு ஈரத்தைக் குடித்து எடை கூடிவிடும். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது வாசலில் எங்கள் பெரியப்பாவின் ஊரான தாமலிலிருந்து வந்த கூண்டு வண்டி நின்றிருந்தது. மாடுகளை அவிழ்க்கவில்லை.

அந்த வண்டி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் கீழ்ப்பகுதியை எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு அவரும் மனைவியும் மச்சில் குடியிருந்தார்கள். கோர்ட்டில் ஜப்தி செய்யும் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. சிவப்பாக, ஒல்லியாக, எப்போதும் சலவை வேட்டியில் இருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் குரலைத்தான் அவர் கேட்பார்.

மச்சு என்றால் பலகைத் தளம். அவருடைய அப்பா கட்டியது. அறை முழுவதும் பர்மா தேக்கு என்று தெருவில் பேச்சு. உண்மையில் வாசல் பக்கத்துக்கு மட்டும்தான் தேக்கு. எங்கள் கூடத்துக்கு மேலே வரும்போது அப்பாவுக்குக் கை சுருங்கியிருக்க வேண்டும், மாம்பலகை போட்டிருந்தார். பலகையின் மேல் சுண்ணாம்பும் ஓடும் கொட்டாமல் வெறுமனே விட்டிருந்தார். தேக்கு வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மாம்பலகை அப்படி இல்லை. மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து அகலவாட்டில் ஊதும். கோடையில் காய்ந்து சுருங்கும். நீளவாட்டில் ஒன்றும் ஆகாது. ஆகையால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்குதான் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும்.

இது எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் பலன் தெரிந்தது. நாங்கள் குடிவந்தது ஒரு பங்குனி மாதம். குடிவந்த வாரம், நான் டிப்போவுக்குப் புறப்படும்போது என் மனைவி கமலா, "சர்க்கரை தீந்துபோச்சு, வரும்போது வாங்கிக்கினு வாங்க" என்றாள். நான் செருப்பு மாட்டுவதற்குள் வீட்டுக்காரரின் மனைவி மரப்படியில் இறங்கி வந்தார். கையில் ஒரு கிண்ணம்.

"இந்தாம்மா சர்க்கரை. ஐயா குடுக்கச் சொன்னாரு."

கமலாவுக்கு ஒரே சந்தோஷம். "எவ்ளோ நல்ல மனுசங்க பாருங்க" என்றாள். அடுத்த வாரம் என் சட்டைப் பித்தானுக்கு ஊசி நூல் வந்தது. அதற்கடுத்து, எனக்குப் பல்வலி என்று நான் முனகிய பிற்பாடு கிராம்புத் தைலம் வந்தது. அப்போதுதான் கமலா தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். கூடத்தின் கூரையில் கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தது. ஒரு கோட்டின் நடுவில் நாற்காலிக் காலின் நிழல்.

அவருடைய சாய்வு நாற்காலி அங்கேதான் கிடந்தது. தேக்குப் பலகை போட்ட வாசல் பக்கம் காற்று நன்றாக வரும். ஆனாலும் அவர் மாம்பலகைப் பக்கத்தில்தான் உட்காருவார். கீழே பாய் விரிக்கவும் விடமாட்டார். ஒருநாள் நான் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஐயா, பலகைச் சந்துல தூசி விழுது. மேல ஒரு கோரைப்பாய் போட்டா நல்லா இருக்கும்."

"பாய் போட்டா மரத்துக்குக் காத்து போவாது தம்பி, உளுத்துடும். வெட்டி அறுவது வருசம் ஆச்சு, இன்னமும் மழை வந்தா எப்படிக் குடிக்குது பாத்தியா?" என்றார். பிறகு, நான் கேட்காததற்குப் பதில் சொன்னார். "நானா ஒண்ணும் கேக்கறதில்ல. காதுல விழுது. விழுந்தப்புறம் எப்படி சும்மா இருக்கறது?"

அவர் குணம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. காதில் விழுந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

வேலையில் இருந்த காலத்துப் பழக்கம் என்றும் சொல்லுவார். "ஜப்தி தாக்கீதோட ஒரு வீட்டுக்குப் போறேன்னு வச்சிக்கோ. உடனே கதவைத் தட்டமாட்டேன். வாசல்ல நின்னு கேப்பேன். உள்ள பொம்பளை அழுவுறாளா, கொழந்த கத்துதா, கிழவன் இருமறானா. அதைத் தெரிஞ்சிக்கினுதான் உள்ள போவேன். முப்பது வருசத்துல ஒருத்தன் என்னைத் திட்டினதில்ல." அதை நான் நம்புகிறேன். திட்ட முடியாத மனிதர் அவர்.

அதற்கு ஒரு காரணத்தை நானே எழுதிவிட வேண்டும். இரண்டாம் வருடம் சித்திரையில், நடு மத்தியானம், கமலா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எங்கள் ஒரு வயது மகள் காய்ச்சலோடு கிடந்தாள். வீட்டுக்காரர் படி இறங்கி ஓடி வந்தாராம். "எந்திரும்மா, கொழந்த மூச்சு மாறுது!" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் அந்த வெயிலில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். வலிப்பு வருவதற்குச் சற்று முன் மூச்சு மாறும் என்று டாக்டர் சொன்னார். தாய்க்கு ஒரு முழம் தள்ளிக் கேட்காதது மேலே அவருக்குக் கேட்டிருக்கிறது. அவருடைய உள்ளங்கால் கொப்புளங்களை நான் பார்த்தேன். பத்து நாள் நொண்டினார்.

அதே கோடையில்தான் நான் கமலாவிடம், மெட்ராசில் ஒரு மில்லில் வேலை இருக்கிறது, போய்விடலாமா என்று பேசினேன். வெறும் பேச்சு. மூன்றாம் நாள் டிப்போ மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாய்யா, மெட்ராஸ் போறியாமே? எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

வீட்டுக்காரர் கோயிலில் மேனேஜரைப் பார்த்து, நல்ல பையன், போகவிடாதீர்கள், சம்பளம் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். மேனேஜர் சம்பளத்தைக் கூட்டவில்லை. டிப்போ பீரோ சாவியை மட்டும் என்னிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. கோடையில் முக்கியமானது எதையும் கூடத்தில் பேசமாட்டோம். ஆட்டுக்கல்லை ஆட்டிக்கொண்டே பேசுவோம், அல்லது கொல்லையில் கிணற்றடிக்குப் போவோம். பேசியே தீர வேண்டியது இல்லை என்றால் தள்ளிப்போடுவோம். "அதை ஐப்பசியில பேசலாம்" என்போம். ஐப்பசியில் பலகை ஊதிக்கொள்ளும், இடுக்கு மூடிக்கொள்ளும். எனக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் திருப்தி. பங்குனியில் இடுக்கில் தீக்குச்சி நுழையும். ஆடியில் இரண்டு மழை பெய்த பின் தபால் கார்டு மட்டும் நுழையும். ஐப்பசியில் கார்டும் நுழையாது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிக் கார்டைச் செருகிப் பார்ப்பேன். நுழையவில்லை என்றால் கமலாவிடம் சொல்வேன். அன்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சண்டை போடுவோம், ஏழு மாதத்துச் சண்டை.

இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டவள் என் தங்கை வசந்தா ஒருத்திதான். கல்யாணமான வருடமே புருஷனை லாரி விபத்தில் பறிகொடுத்தவள். இருபத்து நான்கு வயது. தாமலில் பெரியப்பா வீட்டில் மாட்டுக்கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவில் கிடந்தவளை நான்தான் இங்கே அழைத்து வந்து வைத்திருந்தேன். பகலில் பக்கத்து வீட்டில் பட்டு நூல் இழைக்கப் போவாள். மேலே இருப்பவரிடம் அவளுக்குப் பயம் கிடையாது. சாப்பிடும்போது கூரையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுவாள்.

"ஐயா, எங்க அண்ணி இன்னிக்குக் குழம்புல உப்பை அள்ளிக் கொட்டிட்டாங்க!"

மேலேயிருந்து அமைதியாகப் பதில் வரும். "மோரை ஊத்திக்கோம்மா. குடுத்தனுப்பட்டா?"

வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரித்துப் பார்ப்பதே அரிது என்பதால் நாங்களும் சிரித்தோம்.

1965 கோடையில் வசந்தாவுக்கு ஒரு இடம் வந்தது. டிப்போவில் என் பக்கத்து நாற்காலிக்காரரின் தம்பி, அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. வசந்தாவைக் கோயிலில் பார்த்திருக்கிறார். எல்லாம் தெரிந்துதான் கேட்டார். வசந்தாவிடம் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். வாளியை மேலே இழுத்துக் குடத்தில் ஊற்றினாள்.

"ஐப்பசியில சொல்றேண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் சம்மதம்.

இந்தக் காரியத்தில் ஒரே ஒரு முடிச்சு எங்கள் பெரியப்பா. அப்பா போன பிறகு எங்களை வளர்த்தவர். விதவைக்கு மறு கல்யாணம் என்று அவர் காதில் பட்டால் அருவாளை எடுப்பார். அருவாளைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று அவரிடம் இருந்தது. எங்கள் அம்மா அவர் வீட்டில்தான் இருந்தாள். அம்மா அழுதால் வசந்தா எதையும் விட்டுவிடுவாள். ஆகவே முதலில் அம்மாவைக் கண் வைத்தியம் என்று சொல்லிக் காஞ்சிபுரத்துக்கு அழைத்து வந்துவிடுவது, பிறகு தை மாதம் அரக்கோணம் பதிவு ஆபீசில் கல்யாணம். கல்யாணம் முடியும் வரை தாமலுக்கு மூச்சு விடக்கூடாது.

ஐப்பசி முதல் தேதி ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். கார்டு நுழையவில்லை. எல்லா இடுக்கிலும் பார்த்தேன். அந்த வருடம் மழை கனத்துப் பெய்தது. பலகைகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கிடந்தன. நடந்தால் கிறீச்சென்று வரும் சத்தம்கூட அடங்கிவிட்டது. கார்த்திகை பிறந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலையில், வெளியே மழை கொட்டும்போது, டிப்போ நண்பரை வரவழைத்துக் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசி முடித்தோம். என்ன நாள், யார் சாட்சி, அம்மாவை எப்படி அழைத்து வருவது, எல்லாம். வசந்தா நடுவில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே தூணில் சாய்ந்து நின்றாள். அவள் கூடத்தில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

29ஆம் தேதி மதியத்துக்கு வருகிறேன்.

நடையில் பெரியப்பா நின்றிருந்தார். உடன் அவர் மகன்கள் இருவர். ஓரமாக வீட்டுக்காரர், கையில் மடித்த குடையோடு. கூடத்தில் வசந்தா ஏற்கெனவே பெட்டியைக் கட்டியிருந்தாள்.

"வாடா, பெரிய மனுசா" என்றார் பெரியப்பா. "தை மாசம் கல்யாணமாமே. எனக்குப் பத்திரிகை வைப்பியா மாட்டியா?"

நான் வாய் திறப்பதற்குள், "ஒண்ணும் பேசாத. உங்கம்மா ரெண்டு நாளா பச்சைத்தண்ணி குடிக்கல. கூடத்துல படுத்துக்கினு இருக்குது. பொண்ணு மூஞ்சைப் பாத்தாதான் எந்திரிப்பேங்குது. இவ வரலன்னா நான் திரும்பிப் போயி அதுகிட்ட இன்னா சொல்லட்டும்? நீயே சொல்லு" என்றார்.

"நான் வந்து அம்மாகிட்ட பேசறேன் பெரியப்பா. வசந்தா இங்கயே இருக்கட்டும்."

"நீ எப்ப வேணா வா. இவ இப்ப வரணும்."

வசந்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கமலா அவள் கையைப் பிடித்தாள். "வசந்தா, போவாத. போனா வுடமாட்டாங்க."

"தெரியும் அண்ணி. அம்மா சாப்பிடலியாமே."

நடையைத் தாண்டும்போது என்னிடம் மெல்லச் சொன்னாள். "ஐப்பசி போயி கார்த்திகையே பாதி ஆயிடுச்சேண்ணா. எப்படிண்ணா கேட்டுது?"

வண்டி திரும்பியது. தெருவில் நெசவாளர் கொட்டிய தண்ணீரில் சக்கரம் ஏறி இறங்கியது.

எனக்கும் அதே கேள்விதான். வீட்டுக்காரர் அதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னார். ஒளிக்க ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை.

"உங்க அம்மாவுக்கு," அவருடைய மனைவியை அப்படித்தான் எங்களிடம் சொல்வார், "முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு தம்பி இந்த மழையில. வைத்தியர் சூடு காட்டச் சொன்னாரு. தீபாவளி முடிஞ்சதுலேர்ந்து குமுட்டி அடுப்புல கரி போட்டு, அறையைச் சாத்திக்கினு, கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிக்கினு இருக்கேன். பலகை காஞ்சு போயி வாயைத் தொறந்துக்கிச்சு. கோடையில கூட இவ்ளோ தொறக்காது."

அது உண்மைதான். ஈரத்தில் ஊதி ஒன்றையொன்று நெரித்துக்கொண்ட பலகை உள்ளுக்குள் நசுங்கியிருக்கும். காய்ந்தால் முன்பு இருந்ததைவிட அதிகமாக விலகும். வெளியே மழை பெய்ததால் நாங்கள் மேலே பார்க்கவில்லை. அவர் விளக்கை அணைத்துவிட்டுக் கரித்தணல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் வெளிச்சக் கோடும் விழவில்லை.

"கேட்டுது. சரி. தாமலுக்கு எதுக்குப் போனீங்க?"

"திருட்டுத்தனமா பதிவு ஆபீஸ்ல கல்யாணம் பண்ணா அந்தப் பொண்ணு மனசு நிம்மதியா இருக்குமா தம்பி? பெரியவங்க ஆசீர்வாதம் வேணாமா? எத்தனை வீட்டுல சமாதானம் பண்ணி வச்சிருக்கேன் நான். சனிக்கிழமை ஒரு சீப்பு பழம் வாங்கிக்கினு பஸ் ஏறினேன். பக்குவமாதான் சொன்னேன். மாப்பிள்ளை தங்கமான பையன்னு கூட சொன்னேன்."

"அம்மாவை இங்க கூட்டிக்கினு வரப் போறதையும் சொன்னீங்களா?"

"அதைச் சொல்லாம எப்படி? மறைச்சா தப்பாயிடாதா?" அவர் கண்கள் கலங்கியிருந்தன. "கேப்பாருன்னு நினைச்சேன் தம்பி. கேக்கல. எனக்கும் மனசு ஒரு மாதிரியாதான் இருக்குது."

அவரை என்ன சொல்வது? வாயில் வந்ததையெல்லாம் கோர்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அந்த உள்ளங்கால் கொப்புளங்கள் வந்து நின்றன. ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். அதை அவர் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். அம்மா எழுந்து சாப்பிட்டாள். வசந்தாவைத் திருப்பி அனுப்பவில்லை. அரக்கோணத்துக்காரர் ஒரு வருடம் காத்திருந்தார். அதற்கு மேல் அவர் வீட்டார் விடவில்லை. வசந்தா இன்றைக்கும் தாமலில்தான் இருக்கிறாள். பெரியப்பா போன பிறகு அவர் மகன்களுடைய பிள்ளைகளை வளர்த்தாள். நான் போனால் காபி கொடுப்பாள். அங்கே தரை சாணம் மெழுகியது, கூரை ஓடு. மேலே யாரும் இல்லை. ஆனாலும் அவள் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

வீட்டுக்காரர் நாங்கள் வேறு வீடு போன பின்பும் சில வருடங்கள் இருந்தார். தெருவில் பார்த்தால் நின்று, "கொழந்த எப்படி இருக்குது? தங்கச்சிக்கு ஏதாவது அமைஞ்சுதா?" என்று கேட்பார். நிஜமான கவலையோடு கேட்பார்.

வசந்தா போன அன்று மாலை வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கமலா வசந்தாவின் நூல் இழைக்கும் ராட்டினத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலேயும் சத்தமில்லை. அவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

மறுநாள் 30ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். எழுதாத தபால் கார்டு ஒன்றை எடுத்து, வசந்தா சாய்ந்து நின்ற தூணுக்கு நேர் மேலே இருந்த இடுக்கில் செருகினேன். தடையே இல்லாமல் ஏறியது. பாதிக்கு மேல் போனதும் என் விரலிலிருந்து நழுவியது. யாரோ மேலேயிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார்கள்.

"தம்பி," என்றார் வீட்டுக்காரர், என் நெற்றிக்கு நேர் மேலே, மிருதுவாக. "ஒண்ணும் எழுதலியே இதுல. அரக்கோணத்துக்கா? இன்னா எழுதணும்னு சொல்லு, நானே எழுதிப் பெட்டியில போட்டுடறேன்."

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். கமலா பால் பாத்திரத்தை இறக்கிக் கீழே வைத்தாள். பரணிலிருந்து காலிச் சாக்குகளை இழுத்துப் போட்டு, பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பழந்துணியில் சுற்றி, சத்தம் வராமல் அடுக்க ஆரம்பித்தாள்.